கூண்டைத் திறக்க மனம் வராத காலைகள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் மூன்று வருடமாக வீட்டுக்குப் பின்னால் நாட்டுக்கோழி வளர்க்கிறார். ஆறு உருப்படியில் தொடங்கி நாற்பத்திரண்டு வரை போயிருக்கிறது. போன சித்திரையில் வெள்ளைக் கழிச்சல் வந்து, இப்போது மிச்சம் இரண்டு சேவலும் ஒன்பது பெட்டையும்தான். "காலையில் கூண்டைத் திறக்கவே மனம் வரவில்லை. ஒரு பெட்டை நாலு நாளாக அடைக்குப் படுத்திருக்கிறது. அதையும் எழுப்பிவிட்டு எல்லாவற்றையும் விற்றுவிடலாமா என்று இருக்கிறது. வருடக்கணக்காக வளர்ப்பவர்கள் சலிக்காமல் எப்படி வளர்க்கிறீர்கள்?" என்று கேட்கிறார்.

உங்களுக்கு ஆர்வம் போய்விட்டதாக நான் நினைக்கவில்லை. அப்படிப் போயிருந்தால், பெட்டை எத்தனை நாளாகப் படுத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டீர்கள். உங்களுக்கு இருப்பது துக்கமும் களைப்பும். இரண்டுக்கும் வழி இருக்கிறது. நான் தாராபுரம் பக்கம் பதினாறு வருடமாக வளர்க்கிறேன். நடுவில் இரண்டு தடவை கூண்டைக் காலியாகப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறேன். இரண்டு தடவையும் விட்டதற்குக் காரணம் சோம்பல் இல்லை. ஒரு தடவை சாவு, இன்னொரு தடவை எண்ணிக்கை. என் அனுபவத்தில் கோழி வளர்ப்பை விட்டவர்களில் பெரும்பாலானோர் இந்த இரண்டில் ஒன்றால்தான் விட்டிருக்கிறார்கள்.

முதலில் சாவைப் பற்றிப் பேசுவோம், உங்கள் மனதில் இருப்பது அதுதான்.

எனக்கு அது நடந்தது ஒரு பங்குனியில். சந்தையில் ஒரு நல்ல சேவலைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்து, அன்று மாலையே மற்ற கோழிகளோடு அடைத்துவிட்டேன். ஐந்தாம் நாள் அது இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் நின்றது. எச்சம் வெள்ளையும் பச்சையுமாகப் போனது. அப்புறம் ஒவ்வொன்றாக விழுந்தன. கழுத்து முறுக்கிக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றிய, புள்ளி இறகுள்ள ஒரு பொறிப் பெட்டை, இரை கொத்தப் பார்த்துக் கொத்த முடியாமல் தரையைக் குத்திக்கொண்டிருந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பத்து நாளில் முப்பதுக்கு மேல் போயின. அடுத்து வந்த நாலைந்து மாதம் அந்தக் கூண்டுப் பக்கம் நான் போகவே இல்லை.

அந்தச் சாவு என் கையை மீறி வந்தது என்று நினைத்திருந்த வரைக்கும் என்னால் திரும்ப ஆரம்பிக்க முடியவில்லை. அது தடுத்திருக்கக்கூடியது என்று புரிந்த அன்றைக்குத்தான் மறுபடி தைரியம் வந்தது. இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கழிச்சலுக்கு வந்த பிறகு மருந்து கிடையாது. வருமுன் தடுப்பது மிக எளிது. ராணிக்கெட் என்ற குமாவோன் மலை ஊரில் 1920களில் கண்டறிந்ததால் நம் நாட்டில் அதற்கு ராணிக்கெட் நோய் என்றே பெயர். அதற்கான தடுப்பூசியும் பல பத்தாண்டுகளாக நம்மிடம் இருக்கிறது. குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா அல்லது எஃப் வகைத் தடுப்பு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரம் மறுபடி லசோட்டா. எட்டாவது வாரம் இறக்கையடித் தோலில் ஆர்.டி.வி.கே. என்ற ராணிக்கெட் தடுப்பூசி. அதற்கப்புறம் வளர்ந்த கோழிக்கும் கோடைக்கு முன் ஒருமுறையாவது. தமிழ்நாட்டில் கால்நடைத் துறை பிப்ரவரி மாதம் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவது இந்தக் கணக்கில்தான். வெயில் ஏறும்போது இந்த நோயும் ஏறும். மாசியில் போட்டால் பங்குனி, சித்திரையைத் தாண்டிவிடலாம்.

பத்துக் கோழி வைத்திருப்பவர்கள் ஊசியைத் தள்ளிப்போடுவதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. மருந்துக் குப்பி நூறு கோழி அளவில் வரும். கலக்கினால் ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழிக்காக அதை வாங்க யாருக்கும் கை வராது. நாங்கள் எங்கள் தெருவில் ஏழு வீடு சேர்ந்துகொண்டோம். ஒருவர் தெர்மாஸில் ஐஸ் போட்டு வாங்கி வருவார். விடியற்காலை, கோழியைத் திறந்துவிடும் முன்னால், வீடு வீடாகப் போய்ப் போட்டுவிடுவோம். ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வரும் நிம்மதி எனக்கு வருடம் முழுக்கப் போதும். பக்கத்து வீட்டுக் கோழிக்கும் போட்டிருக்கிறது என்பது இன்னும் பெரிய நிம்மதி, ஏனென்றால் நோய் வேலி தாண்டித்தான் வருகிறது. உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் எந்த நாளில் கோழிக்கு ஊசி போடுகிறார்கள் என்று ஒருமுறை நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

சந்தைக் கோழியை நேராகக் கூட்டத்தில் விடவே விடாதீர்கள். மூன்று வாரம் தனியாக, அதன் மேல் படும் காற்று மற்ற கோழிகள் பக்கம் வீசாத இடத்தில் வையுங்கள். இரை, தண்ணீர்ச் சட்டி எல்லாம் தனி. இந்த ஒரு பழக்கம் எனக்கு முன்பே இருந்திருந்தால் அந்தப் பொறிப் பெட்டை இன்னும் ரெண்டு மூணு ஈடு (ஒரு தடவை இட்டு அடைகாப்பது ஒரு ஈடு) குஞ்சு பொரித்திருக்கும்.

அடுத்தது எண்ணிக்கை.

ஆறு, பத்து, பதினைந்து வரை கோழி நம்மோடு இருக்கும். நாற்பதைத் தாண்டினால் நாம் கோழியோடு இருக்க வேண்டியதாகிவிடும். நாற்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் களைப்பு அங்கேதான் தொடங்கியிருக்கும், கழிச்சலில் இல்லை. யோசித்துப் பாருங்கள். வளர்ந்த கோழி ஒரு நாளைக்கு நூறு கிராம் அளவுக்குத் தின்னும். மேய்ச்சல் நன்றாக இருந்தால் பாதியைத் தானே தேடிக்கொள்ளும். ஆறு கோழிக்கு உங்கள் கொல்லையில் புல், பூச்சி, சிந்திய தானியம் எல்லாம் போதும். நாற்பதுக்கு அது எந்த மூலைக்கு? தரை மொட்டையாகிவிடும், மேய்ச்சல் தீர்ந்து மூட்டை மூட்டையாகத் தீவனம் வாங்க வேண்டி வரும், சேவல்கள் சண்டை போடும், எது எந்தக் கோழி என்று அடையாளம் மறந்துபோகும். முகம் தெரியாத கோழிக்குத் தினமும் விடியற்காலை எழுந்திருக்க யாருக்கும் மனம் வராது.

நான் பின்பற்றும் அளவு இதுதான்: காய்ச்சலில் படுத்திருக்கும் நாளிலும் கால் மணி நேரத்தில் வேலை முடிகிற எண்ணிக்கை. உற்சாகமான நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உடம்புக்கு முடியாத நாளை வைத்துப் போடுங்கள். எனக்கு அது பெட்டை பன்னிரண்டு, சேவல் ஒன்று, கூட அந்தந்த ஈட்டுக் குஞ்சுகள். அதற்கு மேல் வந்தால் சேவல் குஞ்சுகளை ஆடியிலும் தீபாவளிக்கு முன்னும் கொடுத்துவிடுவேன். ஆடியில் கோயில் விருந்துகள் இருக்கும், தேடி வந்து வாங்குவார்கள். புரட்டாசியில் கேட்க ஆள் இருக்காது, அப்போது விற்க நினைத்து மனம் நோகாதீர்கள்.

கூண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. குனிந்து தவழ்ந்து நுழைகிற கூண்டாக இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். இதைச் சொல்லும்போது பலர் சின்ன விஷயம் என்று தள்ளிவிடுகிறார்கள். என் பழைய கூண்டு இடுப்பளவு உயரம். எச்சத்தை வாரப் போனால் முதுகு பிடித்துக்கொள்ளும், அதனால் வாருவதைத் தள்ளிப்போடுவேன், நாற்றம் எடுக்கும், நாற்றத்தால் போகவே பிடிக்காது. இப்போது நின்று நடக்கிற உயரம், தரையில் கடலைத்தோல் அரையடிக்குக் கொட்டி வாரம் ஒருமுறை கிளறிவிடுகிறேன். எச்சம் அதிலேயே மக்கிவிடும். நாலு மாதத்துக்கு ஒருமுறை அள்ளித் தென்னைக்கும் முருங்கைக்கும் போடுவேன். கதவுக்குத் தாழ்ப்பாள் இரண்டு. ஒருநாள் இரவு ஒரு தாழ்ப்பாளைப் போட மறந்து மரநாய் புகுந்து ஆறு கோழியைக் கொன்றுவிட்டது. அன்றிலிருந்து இரண்டு.

அப்புறம் முட்டை. புதிதாக வளர்ப்பவர்கள் மனம் சோர்வதில் பாதி இதில்தான் இருக்கிறது. நாமக்கல் பண்ணைக் கோழி வருடத்துக்கு முந்நூறு முட்டைக்கு மேல் இடும். நம் நாட்டுப் பெட்டை ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து இடும், அடைக்குப் படுக்கும், இருபத்தொரு நாள் அடைகாக்கும், குஞ்சோடு இரண்டு மூன்று மாதம் திரியும். அப்புறம்தான் அடுத்த ஈடு. கூட்டிப் பார்த்தால் வருடத்துக்கு ஐம்பது, அறுபது. நடுவில் இறகு உதிர்க்கும் காலம் வேறு. அந்த மாதங்களில் கூடை காலியாக இருப்பது கோழியின் குறையும் இல்லை, உங்கள் குறையும் இல்லை. அது அதன் சுழற்சி. தினமும் முட்டைதான் வேண்டும் என்றால் நந்தனம் கோழி, வனராஜா போன்ற ரகங்களில் நாலைந்து சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அவை நம் சிறுவிடை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) பெட்டை மாதிரி ஒழுங்காக அடைகாத்துக் குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரியாது.

இந்த அடைகாப்புதான் என்னைப் பதினாறு வருடம் இழுத்து வந்தது. உண்மையாகச் சொல்கிறேன், முட்டையும் கறியும் எனக்கு இரண்டாம் பட்சம்.

என் அம்மாயி அடை வைப்பதைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். அகலக் கூடையில் உமியும் வைக்கோலும் போட்டு, நடுவில் கையால் குழி செய்து, ஓரத்தில் ஒரு கரித்துண்டும் துருப்பிடித்த ஆணியும் இரண்டு மிளகாய் வற்றலும் வைப்பார். இடி இடித்தால் முட்டை கெடாது என்பது அவர் நம்பிக்கை. நானும் இன்றைக்கும் வைக்கிறேன், அவர் நினைவாக. முட்டையைப் பொறுக்குவதில்தான் அவர் கண்டிப்பு. ஒரு வாரத்துக்குள் இட்டதாக இருக்க வேண்டும், ரொம்பப் பெரிதும் ரொம்பச் சிறிதும் வேண்டாம், ஓடு வழவழப்பாக இருக்க வேண்டும். பெட்டையின் உடம்பு மூடுகிற அளவுதான் வைக்க வேண்டும். சிறுவிடைக்கு ஒன்பதிலிருந்து பதினொன்று. பதினைந்து வைத்தால் ஓரத்து முட்டை ஆறிப்போய் எல்லாவற்றிலும் நஷ்டம்.

ஏழாம் நாள் இரவு டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். கரு பிடித்திருந்தால் ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்தி கால்கள் மாதிரி சிவப்பு நரம்புகளும் தெரியும். சில நேரம் அந்தப் புள்ளி அசையும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த நேரம் மூச்சு நின்றுவிடுகிறது. தெளிவாக மஞ்சளாகத் தெரிவதை எடுத்துவிடலாம், விட்டால் கூமுட்டையாகி வெடித்து மற்றதையும் கெடுக்கும். பதினெட்டு நாளுக்கு மேல் காதருகே வைத்தால் உள்ளே கீச்சென்று சத்தம் கேட்கும். பெட்டையும் தொண்டைக்குள்ளேயே ஒரு மாதிரி முனகிப் பதில் சொல்லும். இருபதாம் நாள் ஓட்டில் சின்னதாக ஒரு கீறல் விழும். அப்போது நம் கை துருதுருக்கும். ஓட்டைப் பிரித்து உதவாதீர்கள். ரத்த நரம்பு வற்றி, மஞ்சள் கரு உள்ளே போய்த்தான் குஞ்சு வெளியே வர வேண்டும். அந்த மஞ்சள் கருவை வைத்தே இரண்டு நாள் வரை இரையில்லாமல் இருக்கும், பயப்பட வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் பஞ்சாரத்தில், அதாவது மூங்கில் கூடைக்குள், கவிழ்த்தே வையுங்கள். காகமும் பருந்தும் அந்த இரண்டு வாரத்தில்தான் குஞ்சுகளை அள்ளிக்கொண்டு போகும். குருணை போதும், கூடவே கரையான் கிடைத்தால் குஞ்சு கண்முன்னே வளரும். ஒரு பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், மக்கிய கட்டை போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் ஓடும் இடத்தில் இரவில் கவிழ்த்து வையுங்கள். காலையில் தூக்கினால் பானை முழுக்கக் கரையான். அதைத் தட்டிவிடும்போது தாய்க்கோழி தான் தின்னாமல் கொக்கரித்துக் குஞ்சுகளைக் கூப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சலிப்பு என்ற வார்த்தையே அப்போது நினைவுக்கு வராது.

இதிலிருந்துதான் எனக்கு வருடாவருடம் தொடர ஒரு காரணம் கிடைத்தது. எந்தப் பெட்டை அதிகக் குஞ்சைக் கரைசேர்க்கிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். பருந்து நிழல் விழுந்ததும் குரல் கொடுத்து வேலிக்குள் ஓட்டும் பெட்டையின் குஞ்சுகளை மட்டும் அடுத்த தலைமுறைக்கு நிறுத்தினேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சேவலை வெளியூரிலிருந்து மாற்றுவேன், ரத்த உறவுக்குள்ளேயே போனால் குஞ்சு நோஞ்சானாகும், கூமுட்டை கூடும். இப்போது என்னிடம் இருக்கும் பெட்டைகள் எல்லாம் ஒரே கருஞ்செம்மைப் பெட்டையின் வழி வந்தவை. அடுத்த ஈடு எப்படி வருமோ என்ற ஆவல் இருக்கிறதே, அது முட்டை எண்ணிக்கையால் வருகிற உற்சாகத்தைவிட நீண்ட நாள் நிற்கும்.

இதற்கெல்லாம் எழுத்து வேண்டும். பெரிய நோட்டுப் புத்தகம் எல்லாம் வாங்கினால் ஒரு வாரம்தான் எழுதுவீர்கள். அடுப்படியில் தொங்கும் மாதக் காலண்டரில் எழுதுங்கள். முட்டைக்கு ஒரு கோடு, அடை வைத்த நாளில் "அ", பொரித்த நாளில் எத்தனை குஞ்சு, ஊசி போட்டால் "ஊ". வருடக் கடைசியில் அந்தக் காலண்டரைத் தூக்கிப் போடாதீர்கள். மனம் தளர்ந்த நாளில் பழைய தாள்களைப் புரட்டினால், ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் நினைத்த வருடத்தில் எத்தனை நடந்திருக்கிறது என்று தெரியும்.

தினசரி வேலையில் நான் விடாமல் செய்வது இரண்டுதான். காலையில் திறந்ததும் உடனே இரை போடாமல் இரண்டு நிமிடம் நின்று பார்ப்பேன். எது கடைசியாக வெளியே வருகிறது, எது இறக்கையைத் தொங்கவிடுகிறது, எச்சம் எப்படி இருக்கிறது. மாலையில் அடைந்ததும் இரண்டு மூன்றின் இரைப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். எலுமிச்சம்பழம் மாதிரி நிறைந்திருந்தால் சரி. காலியாக இருந்தால் அந்தக் கோழியை மறுநாள் தனியாக வைத்துவிடுவேன். மற்றதெல்லாம் ஒருநாள் தவறினால் பாதகமில்லை. ஊருக்குப் போக வேண்டி வந்தால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், திரும்பி வரும்போது பத்து முட்டை கொடுங்கள். கோழியால் எங்கேயும் போக முடியவில்லை என்ற எண்ணம் வர விடவே கூடாது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பத்துக் கோழியில் மாதம் இத்தனை ஆயிரம் என்று கணக்குக் காட்டும் வீடியோக்களைப் பார்த்து உங்கள் கொல்லையை அளக்காதீர்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமுப் பறவைப் பண்ணைகளை நம்பிப் பணம் போட்டவர்கள் பட்ட பாட்டை எங்கள் பகுதியில் யாரும் மறக்கவில்லை. வீட்டுக்கு முட்டை, விருந்தாளிக்குக் குழம்பு, மிஞ்சியதை விற்றுத் தவிடும் கம்பும் வாங்குவது என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விற்காதீர்கள். மிச்சமிருக்கும் பதினொன்றும் கழிச்சலைத் தாண்டிய கோழிகள், உங்கள் மண்ணுக்குப் பழகியவை. இரண்டு சேவலில் ஒன்றை மட்டும் கொடுத்துவிடலாம், ஒன்பது பெட்டைக்கு ஒரு சேவல் போதும். கூண்டிலிருக்கும் பழைய குப்பையை முழுக்க அள்ளித் தூரமாகப் புதைத்து, சுவருக்கும் தரைக்கும் சுண்ணாம்பு அடித்து, நல்ல வெயிலில் நாலு நாள் திறந்து போடுங்கள். அந்த நாட்களில் கோழிகள் பஞ்சாரத்தில் அடையட்டும்.

அடைக்குப் படுத்திருக்கும் பெட்டையை எழுப்ப வேண்டாம். ஆவணி இப்போதுதான் பிறந்திருக்கிறது. இன்று வைத்தால் ஆவணி முடிவதற்குள் பொரித்துவிடும், ஐப்பசி மழை பிடிப்பதற்குள் குஞ்சுகள் ஒன்றரை மாதத்தைத் தொட்டுவிடும். கூண்டு வேலை நடக்கும்போது சத்தம் எட்டாத ஓர் அறை மூலையில் கூடையை வையுங்கள். மற்ற பெட்டைகள் இந்த வாரம் இட்ட முட்டையில் ஒன்பது பொறுக்கி, இருட்டிய பிறகு அதன் வயிற்றடியில் ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுங்கள். கையைக் கொத்தும், கொத்தட்டும். நாளைக் காலை காலண்டரில் "அ" என்று எழுதிவிட்டு, குஞ்சு பொரித்து ஏழாம் நாள் எந்தத் தேதியில் வருகிறது என்று எண்ணி அங்கே "ஊ" என்றும் இப்போதே எழுதிவிடுங்கள். தெருவில் யார் யார் வீட்டில் கோழி இருக்கிறதோ அவர்களிடமும் அந்தத் தேதியைச் சொல்லி வையுங்கள்.